பி.காம். படித்தவர் டிசைனர் ஆகலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பிறந்து, அதே மாவட்டத்துச் சித்தூரில் பி.காம். முடித்து, வணிக மேலாண்மை படிக்கக் கனடா போய், இன்று ஒன்டாரியோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் யு.எக்ஸ். (யூசர் எக்ஸ்பீரியன்ஸ்) டிசைனராக, அதாவது ஆப், இணையதளத் திரைகளைப் பயன்படுத்துகிறவருக்கு எளிதாக இருக்கும்படி வடிவமைப்பவராக இருக்கும் சகோதரி இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஓவியம் சுத்தமாக வராது, கோடிங்கும் தெரியாது. யு.எக்ஸ். டிசைன் வேலைக்குப் போக ஆசை. முடியுமா?
– மாணவர், ஒழலப்பதி

முடியும் தம்பி. ஓவியம் வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். இந்த வேலையில் படம் போடுகிற நேரம் குறைவு. ஆட்களிடம் பேசுவதும், அவர்கள் திரையில் எந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு தயங்குகிறார்கள் என்று பார்ப்பதும்தான் அதிகம். 1993-ல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதைத் தன் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட டொனால்ட் நார்மன் அதற்கு முன் உளவியல் பேராசிரியராக இருந்தவர்.

பாடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. விடிகாலையில் பால் சொசைட்டிக்குப் போய், பால் ஊற்றியவர் கையில் தருகிற சீட்டை வாங்கிப் பாருங்கள். லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து), ரேட், தொகை எல்லாம் ஒரே அளவு எழுத்தில், விரலகல தெர்மல் பேப்பரில், வெயில் பட்டால் வெளிறிப்போகிற அச்சில் இருக்கும். பால் ஊற்றியவர் முதலில் தேடுவது தொகையை. நேற்றைவிடக் குறைந்திருந்தால் உடனே 'ஏன்?' என்பார். ஃபேட் இறங்கியதா, எஸ்.என்.எஃப். இறங்கியதா என்று தெரிந்தாக வேண்டும். வைக்கோல் குறைந்து இளம் பசும்புல்லே அதிகமானால் ஃபேட் இறங்கும். தீவனத்தில் சத்து போதாவிட்டால் எஸ்.என்.எஃப். இறங்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. பசும்பாலில் ஃபேட் 3.2 சதவீதமும் எஸ்.என்.எஃப். 8.3 சதவீதமும் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. மாடு வைத்திருக்கிற ஒருவருக்கு உதவக்கூடிய தகவல் அத்தனையும் அந்தச் சீட்டில் இருக்கிறது, ஆனால் அவர் கண்ணுக்கு எட்டுவதில்லை.

நான் டிசைன் வேலை தேடியபோது காட்டிய முதல் மாதிரி இதுதான். அப்பா வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பிய சீட்டுகளை வைத்துக்கொண்டு, தொகையைப் பெரிதாக மேலே கொண்டுவந்தேன். கீழே இன்றைய ஃபேட்டும் எஸ்.என்.எஃப்.பும், ஒட்டியே நேற்றையவையும். அதை அப்பா மூலமாகவே சொசைட்டி வரிசையில் நின்றவர்களிடம் வீடியோ காலில் காட்டினேன். ஒரு பாட்டி பார்த்துவிட்டு, "நேத்தைய கணக்கு எனக்கெதுக்கு கண்ணு? இந்த வாரத்துக்கு இதுவரைக்கும் எத்தனை சேர்ந்திருக்குன்னு போடு" என்றார். பட்டுவாடாவுக்கு முன் மளிகைக்கடைக்குச் சொல்ல வேண்டிய எண் அது. அந்த ஒரு வரி சீட்டையே மாற்றிவிட்டது. இப்படி ஐந்து பேரிடம் காட்டினாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று யு.எக்ஸ். துறை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். இன்றும் எங்கள் குழுவில் அந்த அளவில்தான் சோதனை செய்கிறோம்.

பழைய சீட்டு, யார் என்ன சொன்னார்கள், நீங்கள் எதை ஏன் மாற்றினீர்கள், இவற்றைப் படங்களோடு எழுதி வைத்தால் அதுதான் போர்ட்ஃபோலியோ, வேலை கேட்கும்போது காட்டுகிற மாதிரித் தொகுப்பு. கணக்குப் படித்த பிள்ளைக்கு ரேட் எப்படி வருகிறது என்று புரியும். டிசைன் மட்டும் படித்தவருக்கு அதை யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பி.காம். என்பதை விண்ணப்பத்தின் அடியில் ஒளித்துவைக்காமல் முதல் வரியிலேயே போடுங்கள்.

பிசினஸ் படிக்கப் போனவர் டிசைனுக்கு எப்படி வந்தீர்கள்? மறுபடியும் காலேஜ் போனீர்களா?
– வாசகி, வண்ணாமடை

போகவில்லை அக்கா. படிப்பு முடிந்ததும் கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் கஸ்டமர் சப்போர்ட் வேலை கிடைத்தது. டொரான்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் ஈழத் தமிழர் கடைகள் நிறைய. தமிழில் பேச வேண்டிய அழைப்பெல்லாம் எனக்கு வரும். ஒன்டாரியோவில் எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி 13 சதவீதம். "தங்கச்சி, கழிவு குடுத்தாப் பிறகோ வரி போடுறது, அதுக்கு முன்னமோ?" கழிவு என்றால் அவர்கள் பேச்சில் தள்ளுபடி. இந்தக் கேள்வி ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. கடைக்காரர் தானாகத் தருகிற தள்ளுபடி என்றால், தள்ளுபடி போக மீதிக்குத்தான் வரி. சாப்ட்வேரும் அப்படித்தான் கணக்குப் போட்டது. ஆனால் திரையில் வரி வரிசைக்குக் கீழே தள்ளுபடிப் பெட்டி இருந்தது. மேலிருந்து கீழே படிக்கிற யாருக்கும் வரி போட்ட பிறகு கழிப்பதாகத்தான் தோன்றும்.

ஒவ்வொரு அழைப்பையும் ஒரு நோட்டில் எழுதினேன்: எந்தத் திரை, என்ன கேட்டார், எவ்வளவு நேரம் பேசினோம். அந்த நோட்டைப் புராடக்ட் மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டியை வரிக்கு மேலே ஏற்றினார்கள், அந்தக் கேள்வி வருவது நின்றது. அதன் பிறகு புதிதாக எந்தத் திரை செய்தாலும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். திரைகளை வரைந்து பார்க்க உதவும் ஃபிக்மா என்ற மென்பொருளை ராத்திரியில் கற்றுக்கொண்டேன். கூகுளின் யு.எக்ஸ். சான்றிதழ் படிப்பு 2021-ல் வந்ததும் அதையும் முடித்தேன். சான்றிதழைவிட நோட்டுக்குத்தான் மதிப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்று மட்டும் புதிதாக ஊன்றிப் படிக்க வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளங்கள் இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்டாரியோவில் 2005-ல் இயற்றிய சட்டம் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு 2021 ஜனவரி 1 கெடு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதமாவது இருக்க வேண்டும். வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து அழகாக இருக்கலாம், கண்புரை உள்ளவருக்கு அது வெறும் வெள்ளைதான். நம் ஊரில் செய்கிற ஆப்களிலும் இதைப் பார்க்கச் சொல்லி எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

என் மகன் பி.பி.ஏ. முடித்திருக்கிறான். கனடாவில் ஒரு வருட பிசினஸ் சர்டிபிகேட் படித்தால் மூன்று வருட வேலை பெர்மிட் நிச்சயம், அதற்குள் ஐ.டி.க்கு மாறிவிடலாம் என்கிறார் ஏஜென்ட். தென்னந்தோப்பை அடமானம் வைக்கலாமா?
– ஒரு தந்தை, மீனாட்சிபுரம்

வைக்காதீர்கள் ஐயா. நான் போன காலத்தில் காலேஜ் பிசினஸ் படிப்புக்கும் அந்தப் பெர்மிட் கிடைத்தது. இன்று நிலைமை வேறு. 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள், காலேஜ் சர்டிபிகேட், டிப்ளமோ படித்தால், அந்தப் பாடப்பிரிவு கனடா அரசின் பட்டியலில் இருந்தால்தான் படிப்புக்குப் பிந்தைய வேலை பெர்மிட் கிடைக்கும். சுகாதாரம், அறிவியல் தொழில்நுட்பம், கைத்தொழில், விவசாயம் போன்றவை பட்டியலில் உண்டு. பொதுவான பிசினஸ் மேலாண்மை இல்லை. பல்கலைக்கழக இளநிலை, முதுநிலைப் பட்டங்களுக்கு இந்தப் பாடப்பிரிவு நிபந்தனை இல்லை.

இன்னொன்று, ஒரு வருட சர்டிபிகேட்டுக்குப் பழைய விதியிலும் மூன்று வருடம் தந்ததில்லை. படித்த காலம் எவ்வளவோ அவ்வளவுதான் பெர்மிட். மூன்று வருடம் இரண்டு வருடப் படிப்புக்கு உரியது. முதுநிலைப் பட்டத்துக்கு மட்டும் 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு வருடப் படிப்பானாலும் மூன்று வருடம் தருகிறார்கள். இந்தப் பெர்மிட் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே முறைதான் என்பதால், தவறான படிப்பில் அதைச் செலவழித்துவிடக் கூடாது.

பணக் கணக்கையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 1 முதல், கல்லூரிக் கட்டணமும் விமானச் செலவும் போக, ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். நம் ரூபாயில் 14 லட்சத்துக்கு மேல். படிக்கும் காலத்தில் வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வேலை உத்தரவு கையில் இருந்தால் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதிக்கு (பி.ஆர்.) விண்ணப்பிக்கும்போது கிடைத்துவந்த கூடுதல் புள்ளிகளையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள்.

ஏஜென்டிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: கல்லூரியின் டி.எல்.ஐ. எண் (வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரி என்பதற்கான எண்), படிப்பின் சி.ஐ.பி. எண் (பாடப்பிரிவைக் குறிக்கும் எண்). இரண்டையும் மகனே கனடா அரசின் தளத்தில் போட்டுப் பார்க்கட்டும். எழுதித் தர மாட்டேன் என்கிறவரிடம் தோப்புப் பத்திரத்தை நீட்ட வேண்டாம். மகன் ஒரு வருடம் கோவையில் ஏதாவது மென்பொருள் நிறுவனத்தில் சப்போர்ட் வேலை பார்க்கட்டும். வேலை தெரிந்த பிறகு, முதுநிலைப் படிப்பாகத் தேர்ந்தெடுத்துப் போகிற வழி திறந்தேதான் இருக்கிறது.

டிசைன் கற்க என்ன லேப்டாப் வாங்க வேண்டும்?
– வாசகர், கோவிந்தாபுரம்

புதிதாக எதுவும் வேண்டாம். ஃபிக்மா பிரவுசரிலேயே ஓடும், தொடங்க இலவசம். 8 ஜி.பி. ரேம் உள்ள பழைய லேப்டாப் போதும்.

வயது 31. ஒரு அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறேன். இரண்டு குழந்தைகள், வெளியூர் போக முடியாது. வீட்டில் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுது என்கிறார்கள். இந்த வயதில் டிசைன் படிப்பது வீண் முயற்சியா?
– வாசகி, வேலந்தாவளம்

வீண் இல்லை சகோதரி. பி.எஸ்.சி.யும் எழுதுங்கள், தமிழும் மலையாளமும் அறிந்தவர்களுக்கென்றே பாலக்காட்டில் கிளார்க் தேர்வு வருகிறது. ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

முதுநிலை டிசைன் படிப்புகளுக்காக ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வை மூன்று வருடப் பட்டம் பெற்ற எவரும் எழுதலாம், வயது வரம்பு கிடையாது. ஆனால் சேர்க்கைக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனி நிபந்தனை வைத்திருக்கிறது, போய்த் தங்கிப் படிக்கவும் வேண்டும். உங்கள் நிலைக்கு பிசினஸ் அனலிஸ்ட் என்ற வேலை பக்கமானது. ஒரு தொழில் நடக்கிற விதத்தைக் கேட்டு எழுதி, சாப்ட்வேர் செய்பவர்களுக்குப் புரிய வைப்பவர் அவர். கோவையில் மில்களுக்கும் பம்ப் தொழிற்சாலைகளுக்கும் சாப்ட்வேர் செய்யும் நிறுவனங்களில் இந்த வேலை உண்டு. அங்கிருந்து டிசைனுக்கு நகர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

உங்களிடம் அரசுக்கான நெல் கொள்முதல் இருக்கிறதே, அது பெரிய சொத்து. களத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, எடை, நெல்லைப் பெற்றுக்கொண்டதற்கு ஆலை கொடுக்கும் பி.ஆர்.எஸ். என்ற ரசீது, அதை விவசாயி வங்கியில் காட்டிக் கடனாகப் பணம் வாங்குவது, பிறகு அரசு அந்தக் கடனை அடைப்பது. இத்தனை கை மாறுகிற ஒரு வேலையில் விவசாயி எந்தெந்த இடத்தில் 'என் பணம் எங்கே நிற்கிறது?' என்று கேட்டு உங்கள் மேசைக்கு வருகிறார்? குழந்தைகள் தூங்கிய பிறகு, லாரி வந்து நிற்பதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகத் தமிழிலேயே எழுதுங்கள். யார், எந்தத் தாள், என்ன கேள்வி என்று மூன்று நெடுக்குக் கட்டம் போட்டால் போதும். எழுதியதைப் படமெடுத்து இந்த இதழ் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு, எந்தப் படியை முதல் திரையாக எடுத்துக்கொள்ளலாம் என்று குறித்து அனுப்புகிறேன்.