துத்தி இலையைத் தொட்டீர்களா?

அன்புள்ள ஐயா,

முதுகலைத் தாவரவியல் முதலாமாண்டு படிக்கிறேன். வகைப்பாட்டியல் தாளுக்காக கிளாபர், வில்லோசஸ், டொமென்டோசஸ், ஹிஸ்பிடஸ் என்று இருநூறு லத்தீன் சொற்களை மனப்பாடம் செய்தேன். அடுத்த வாரமே மறந்துவிடுகிறது. நல்ல அகராதி ஒன்று சொல்ல முடியுமா? செத்துப்போன மொழியில்தான் செடியை விவரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இன்னும் எதற்கு? தொல்காப்பியத்திலேயே வெளியே வைரம் பாய்ந்த புல்லுக்குப் புறக்காழ், உள்ளே வைரம் பாய்ந்த மரத்துக்கு அகக்காழ் என்று இருக்கிறதே? பயிற்சிக்காக எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் துத்தியை லத்தீனில் விவரித்து இணைத்திருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

அந்தக் கட்டாயம் இப்போது இல்லை. புதிதாகக் கண்ட செடிக்கு லத்தீன் விவரிப்பு இருந்தால்தான் பெயர் செல்லும் என்ற விதி 1935இல் நடைமுறைக்கு வந்தது, 2011 கடைசியோடு போயிற்று. 2012இலிருந்து ஆங்கிலத்திலும் எழுதலாம், பெயர் மட்டும் லத்தீன் வடிவில் இருக்க வேண்டும். முதுகலை படிக்கிற ஆளுக்கு இதுகூடத் தெரியாமலா? தொல்காப்பியத்தை விடுங்கள். புல்லையும் மரத்தையும் பிரிக்க அது போதும், ஒரு துத்தியையும் பக்கத்தில் நிற்கிற இன்னொரு வகைத் துத்தியையும் பிரிக்க உதவாது.

ஆனால் செத்துப்போன மொழி என்றீர்களே, அதைத்தான் கொஞ்ச நாளாக நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. விடிகாலையில் தெருவில் பாவு, அதாவது தறியில் நெடுக ஓடுகிற நூல், நீட்டிக் கஞ்சி போடுவார்கள். அப்பா ஒரு முனை, சித்தப்பா மறுமுனை, அறுந்த இழையைத் தேடி முடிபோடுவது என் வேலை, அதை முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடுவேன். பின்னால் கல்லூரியில் செம்பருத்தியை நெடுக அறுத்து வைத்து ஸ்டாமென் என்று கரும்பலகையில் எழுதினார்கள், பக்கத்தில் மகரந்தத்தாள் என்று தமிழில். எனக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் உருப்போட்டேன். ஸ்டாமென் என்றால் லத்தீனில் பாவு நூல் என்று முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. ரோமானியர்களின் பழைய தறி நிமிர்ந்து நிற்பது, பாவு மேலிருந்து கீழே இறங்கும். பூவுக்குள் நிற்கிற இழைகளைப் பார்த்தவனுக்கு அதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாவிலேயே வளர்ந்த பையனிடம் ஒருத்தர்கூட இதைச் சொல்லவில்லையே என்று அழுகை மாதிரி ஒரு கோபம். சூலகத்துக்குச் சொல்கிற பிஸ்டில்லம் உலக்கை. மகரந்தத்துக்குச் சொல்கிற போலன் நைசாகச் சலித்த மாவு. இதெல்லாம் அடுப்படிச் சாமான், உங்களுக்கு ஏன் மந்திரமாகத் தெரிகிறது?

இனி இலையின் மேல் இருக்கிற முடிக்கு வருவோம். டொமென்டம் என்பது மெத்தைக்குள் அடைக்கிற கம்பளி, மயிர், இறகு எல்லாம். இலையின் தோலே தெரியாதபடி முடி பின்னிக் கிடந்தால் டொமென்டோசஸ். நீளமாக, மெத்தென்று இருந்தால் வில்லோசஸ். ஹிஸ்பிடஸ் விறைத்துக் குத்தும். பேயத்திக்கு ஃபைக்கஸ் ஹிஸ்பிடா என்று பெயர் வைத்தவன் நிச்சயம் அந்த இலையில் கையை ஓட்டியிருப்பான். லனாட்டா கம்பளி போர்த்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற சிறுபூளை, ஏர்வா லனாட்டா, அதைப் பிடித்த கைக்கு இந்தச் சொல் மறக்குமா? கிளாபர், முடியே இல்லாத மொழுக்கட்டை.

இப்போது உங்கள் விவரிப்பு. ஃபோலியா கிளாப்ரா என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபோலியா பன்மை, அதற்கேற்ப கிளாப்ரா என்று முடித்தது சரி. இலக்கணம் சரி, இலைதான் தப்பு. துத்தி இலையா தம்பி மொழுக்கட்டை? இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தால் வெல்வெட் துணி. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒரே அடியிலிருந்து நாலாபுறமும் பிரிகிற நட்சத்திர முடிகள். நீங்கள் கொல்லைக்குப் போகவே இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து செல்போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்கள், பச்சையாக வழவழவென்று தெரிந்திருக்கும், இருநூற்றில் ஒரு சொல்லை எடுத்து ஒட்டிவிட்டீர்கள். உங்கள் வீட்டில் மூலத்துக்கு இந்த இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டிய பாட்டி யாராவது இருந்தால் கேளுங்கள். லத்தீன் தெரியாது, ஆனால் கிளாபர் என்று சொல்லவே மாட்டார்.

திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அதாவது, திட்டத்தான் செய்கிறேன், ஆனால் பரீட்சைக்கு வேண்டாத ஒரு செடியை உட்கார்ந்து லத்தீனில் எழுதிப் பார்த்த பிள்ளையைத்தான் திட்டத் தோன்றும், மற்றவர்களுக்கு யார் பதில் எழுதுவார்கள்?

அகராதி கேட்டீர்கள் இல்லையா. வில்லியம் ஸ்டெர்ன் 1966இல் வெளியிட்ட 'பொட்டானிக்கல் லேட்டின்' போதும், நூலகத்தில் தேடுங்கள். காசிருந்தால் முதலில் லென்ஸ் வாங்குங்கள். அப்புறம், விவரிப்பில் பூவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காலையில் போய்ப் பார்த்திருந்தால் மொட்டுத்தான் இருந்திருக்கும். துத்திப் பூ சாயங்காலம்தான் விரியும், வெயில் தாழ்ந்து போனால் பூவுக்குள் நிற்கிற பாவு நூலையும் பார்த்துவிட்டு வரலாம்.