மனிதன் வேறு கோள்களைத் தேடிப் போவது தனிமையாலா?

இவ்வளவு பெரிய அண்டத்தில் நாம் மட்டும் தனியாக இருக்கிறோம் என்ற ஏக்கம்தான் மனிதனைக் கோள்களை நோக்கித் தள்ளுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஏக்கம் இருப்பது உண்மை. ஆனால் அந்த ஏக்கம் நம்மைத் தேட வைத்ததைவிட, இல்லாததை இருப்பதாகப் பார்க்க வைத்ததே அதிகம்.

அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவல் 1894இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் தன் சொந்தப் பணத்தில் வானாய்வுக்கூடம் கட்டிக்கொண்டு இரவிரவாகச் செவ்வாயைப் பார்த்தார். நேர்க்கோடுகள் தெரிந்தன. அவை கால்வாய்கள் என்றும், வறண்டுகொண்டிருக்கும் அந்தக் கோளில் துருவப் பனியின் நீரைக் கொண்டுசெல்ல அறிவுள்ள உயிர்கள் வெட்டியவை என்றும் எழுதினார். வெள்ளியிலும் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போன்ற கோடுகள் அவருக்குத் தெரிந்தன. வெள்ளியோ அடர்ந்த மேகம் போர்த்திய கோள். வெளியிலிருந்து பார்த்தால் தரையே தெரியாது. தொலைநோக்கியின் துளையை அவர் மிகவும் குறுக்கி வைத்திருந்ததால், தன் கண்ணுக்குள் இருக்கும் இரத்தக் குழாய்களின் நிழலையே பார்த்திருக்கக்கூடும் என்று பிற்காலத்தில் ஒரு விளக்கம் வந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துக் கோளில் யாராவது இருக்கமாட்டார்களா என்ற தவிப்பு அவ்வளவு வலிமையானது.

செவ்வாய்க் கால்வாய்களின் கதையை 1965 ஜூலையில் மாரினர் 4 என்ற விண்கலம் முடித்துவைத்தது. அனுப்பிய இருபத்திரண்டு படங்களிலும் கால்வாய் இல்லை. நிலவில் இருப்பதைப் போன்ற பள்ளங்கள்தான் இருந்தன. அந்த நாளில் நடந்த வேறொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு படம் முழுதாக வந்துசேரச் சுமார் எட்டு மணி நேரம் ஆனது. விண்கலத்தின் பதிவுக் கருவி சரியாக வேலை செய்ததா என்று பொறியாளர்களுக்குச் சந்தேகம். கணினி படமாக்கித் தரும்வரை அவர்களால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் குறிக்கும் எண்கள் காகிதப் பட்டைகளில் அச்சாகி வந்துகொண்டிருந்தன. அந்தப் பட்டைகளை ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி, இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று வகுத்து, வண்ணக்கட்டிகளால் கையாலேயே தீட்டினார்கள். பக்கத்திலிருந்து விண்கலம் எடுத்த முதல் செவ்வாய்ப் படம், குழந்தைகள் எண் பார்த்து வண்ணம் தீட்டுவதைப் போலத்தான் பூமியில் உருவானது. அந்த அவசரத்தைத் தனிமை என்று சொல்வீர்களா? அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும், இப்போதே தெரிய வேண்டும் என்ற ஆவல் அது. அந்த அறையில் யாரும் தனியாக இல்லை.

தேடலுக்கும் தனிமைக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதற்கு நேர்மாறானது என்பது என் எண்ணம். கண்டதைச் சொல்ல ஆள் இருப்பதால்தான் மனிதன் தேடிப் போகிறான். சொல்ல ஆளில்லாதபோதுதான் தனிமை வருகிறது.

சனிக் கோளைத் தொலைநோக்கியில் பலருக்குக் காட்டியிருக்கிறேன். இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்னக் கருவியிலேயே அதன் வளையம் தெரியும். முதல்முறை பார்ப்பவர் சற்று நேரம் பேசமாட்டார். பிறகு கண்ணை எடுத்துவிட்டு, குழாயின் முன்பக்கம் யாராவது படம் ஒட்டியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். அடுத்து அவர் செய்வது, வயது எதுவானாலும், ஒன்றுதான்: அருகில் இருப்பவரின் கையைப் பிடித்து இழுத்து “நீங்கள் பாருங்கள், சீக்கிரம்” என்பார். சீக்கிரம் என்பதில் நியாயமும் இருக்கிறது. பூமி சுழல்வதால் சனி சில நிமிடங்களில் வில்லையின் வட்டத்தைவிட்டு நகர்ந்துவிடும். இன்னொருவரும் பார்த்து முடித்த பிறகுதான் முதலில் பார்த்தவரின் முகத்தில் நிறைவு தெரியும்.

அப்போலோ 11 பயணத்தின் மூன்றாவது விண்வெளி வீரர் மைக்கேல் காலின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கியிருந்தபோது, இவர் ‘கொலம்பியா’ கலத்தில் தனி ஒருவராக நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். அதில் ஏறக்குறைய 48 நிமிடங்கள் நிலவின் மறுபக்கம். வானொலித் தொடர்பு அறுந்துவிடும். அந்த நிமிடங்களில் மனித குலம் முழுவதும் நிலவுக்கு அந்தப் பக்கம், இவர் மட்டும் இந்தப் பக்கம். செய்தித்தாள்கள் அவரை உலகின் மிகத் தனிமையான மனிதராக்கிப் பரிதாபப்பட்டன. அவரோ தனக்கு அச்சமும் இல்லை, தனிமையும் இல்லை, ஏறத்தாழ மகிழ்ச்சிதான் இருந்தது என்று பின்னாளில் எழுதினார். அவரை உண்மையில் வாட்டியது வேறொன்று. நிலவில் இருந்த இருவரால் மேலெழும்ப முடியாமல் போய், அவர்களை அங்கேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் திரும்ப நேர்ந்தால் என்ன செய்வது என்ற பயம். பூமிக்குத் திரும்பி வந்த பிறகு வரக்கூடிய தனிமைக்குத்தான் அவர் அஞ்சினார். இதைப் படித்த பிறகு, தொலைவையும் தனிமையையும் ஒன்றாகப் பேசுவதை நான் விட்டுவிட்டேன்.

இன்னொரு பக்கம், தொலைவே இல்லாமலும் தனிமை வரும். செவ்வாய்ப் பயணத்துக்கு ஒத்திகையாக மாஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு பேர் மூடிய கூடங்களுக்குள் 520 நாட்கள் வாழ்ந்தார்கள். கதவுக்கு வெளியே நகரம் இருந்தது. இருந்தும் நாளாக ஆக அவர்களின் நடமாட்டம் குறைந்தது; சிலருக்கு உறக்கம் கெட்டது. ஒருவரின் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 மணி நேரம் என்ற கணக்குக்கு மாறிவிட்டது. அவர் உறங்கும் வேளை நாளுக்கு நாள் தள்ளிப்போய், மற்றவர்கள் விழித்திருக்கும்போது அவர் தூங்கி, அவர்கள் தூங்கும்போது அவர் விழித்திருந்த காலமும் உண்டு. ஆறு பேர் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு தனிமை.

உண்மையான செவ்வாய்ப் பயணத்தில் இதனோடு இன்னொரு தொல்லையும் சேரும். செவ்வாய் இருக்கும் இடத்தைப் பொறுத்து, நம் சொல் அங்கே போய்ச்சேர 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும்; பதில் வர மறுபடியும் அவ்வளவு. அங்கிருப்பவர் வீட்டோடு உரையாட முடியாது. கடிதம் எழுதலாம், அவ்வளவுதான்.

கடிதமே போதும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1977இல் புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற தரவுகளை அனுப்பத் தொடங்கியது. அப்போது அது சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஒரு கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், மறுமொழிக்கு இன்னும் அவ்வளவு. கணினி நினைவகத்தில் ஒரு சிப் பழுதாகிவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். அதில் இருந்த நிரல் முழுவதையும் வைக்க வேறு எங்கும் மொத்தமாக இடமில்லை. எனவே அதைத் துண்டு துண்டாக்கி, கிடைத்த சந்துகளில் எல்லாம் வைத்து, அவை மீண்டும் ஒன்றாக இயங்கும்படி எழுதினார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று முதல் பகுதி போனது. 20ஆம் தேதி பதில் புரியும்படி வந்தது. தாங்கள் பிறக்கும் முன்பே கிளம்பிவிட்ட இயந்திரத்துக்கு ஒரு கேள்வி அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருக்கிற இளைஞர்களும் அந்தத் துறையில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் காண்பது ஏக்கத்தை அல்ல, பாசத்தை.

வாய்ப்புக் கிடைத்தால் நீங்கள் போவீர்களா என்றும் கேட்டிருந்தீர்கள். நிலவு என்றால் தயங்கமாட்டேன். சொல் போய்ச்சேர ஒன்றேகால் நொடிதான். அங்கிருந்தபடியே வீட்டில் ஒரு வாக்குவாதத்தில்கூடக் கலந்துகொள்ளலாம். செவ்வாய்க்கு மூன்று நான்கு பேராக அனுப்பினால் போகமாட்டேன். ராக்கெட்டின் ஆற்றலைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு, கூடப் போகிறவர்களின் எண்ணிக்கையைப் பற்றியும் திட்டமிடுபவர்கள் கவலைப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். பேசிக்கொள்ளவும் மனஸ்தாபம் வந்தால் விலகி இன்னொருவர் பக்கத்தில் போய் உட்காரவும் முடிகிற அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேராவது சேர்ந்து போகும் கலம் ஒன்று வந்தால், என் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்வேன்.