நிறையா, திணிவா? இரண்டு புத்தகமும் சரிதான்

வணக்கம். 5 கிலோ அரிசி மூட்டைக்கு "நிறை 49 நியூட்டன்" என்று உங்கள் மகள் எழுத, ஆசிரியர் அதைத் தவறு என்று கோடிட்டு அடித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். அவள் படித்தது யாழ்ப்பாணத்து உறவினர் தந்த பாடநூல் என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைக்கு இயற்பியல் நன்றாகவே புரிந்திருக்கிறது. தயவுசெய்து அவளைத் திட்டாதீர்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூலில், ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு நிறை. புவி அதை இழுக்கும் விசை எடை. இலங்கையில் முன்னதைத் திணிவு என்பார்கள், பின்னதை நிறை என்பார்கள். பாக்கு நீரிணையைத் தாண்டினால் அதே சொல்லுக்கு வேறு பொருள்!

ஆகவே சொல்லைவிட அலகைப் பார்க்கச் சொல்லுங்கள். கிலோகிராம் என்றால் பொருளின் அளவு, நியூட்டன் என்றால் விசை. கிலோகிராமைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 ஆல் பெருக்கினால் நியூட்டன் கிடைக்கும்: 5 × 9.8 = 49.

தராசை வைத்து விளக்கினால் மனதில் நிற்கும். ஒரு தட்டில் அரிசி, மறு தட்டில் 5 கிலோ படிக்கல். நிலவுக்கே கொண்டுபோனாலும் முள் நடுவில்தான் நிற்கும், ஏனென்றால் இரண்டு பக்கமும் இழுப்பு ஒன்றுபோலவே குறைகிறது. அதே மூட்டையைச் சுருள்வில் தராசின் கொக்கியில் மாட்டினால், இங்கே 49 நியூட்டன் காட்டுவது அங்கே சுமார் 8 தான் காட்டும்.

கடையில் "எடை 5 கிலோ" என்பது பேச்சு வழக்கு, அது இருக்கட்டும். தேர்வில் "நிறை 5 கிலோகிராம், எடை 49 நியூட்டன்" என்று எழுதட்டும். அந்த இலங்கைப் புத்தகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். முதல் பக்கத்தில் "திணிவு என்றால் நம் நிறை, நிறை என்றால் நம் எடை" என்று பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும்.