ரீமேக் வாங்கும் முன்: பழைய அட்வென்சர் கேம்கள் பற்றிய கேள்வி-பதில்

திரையில் மவுஸால் சொடுக்கிப் புதிர்களை அவிழ்க்கும் பழைய 'பாயிண்ட் அண்ட் கிளிக்' விளையாட்டுகள் புதிய அட்டையோடு திரும்பத் திரும்ப விற்பனைக்கு வருகின்றன. எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதுதான் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை.

கேள்வி: கல்லூரி நாட்களில் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் 'மங்கி ஐலண்ட்' விளையாடினேன். கடைசி வரை போனதில்லை. இப்போது என் மகளுக்குப் பதினொரு வயது. இரண்டு பேரும் சேர்ந்து முதலிலிருந்து விளையாட ஆசை. 'ஸ்பெஷல் எடிஷன்' என்கிறார்கள், 'ரிட்டர்ன்' என்கிறார்கள். எதை வாங்குவது, எதில் தொடங்குவது?

மூன்று வாங்குங்கள். முதல் பாகத்தின் ஸ்பெஷல் எடிஷன், இரண்டாம் பாகத்தின் ஸ்பெஷல் எடிஷன், அப்புறம் 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்'. விளையாட வேண்டிய வரிசையும் இதுதான்.

காரணம் இருக்கிறது. ரான் கில்பர்ட் தலைமையில் முதல் பாகம் 1990-லும் இரண்டாம் பாகம் 1991-லும் வந்தன. அதன்பின் அவர் அவற்றைச் செய்த நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார். அடுத்தடுத்த பாகங்களை வேறு கைகள் செய்தன. 2022 செப்டம்பரில் அவரே திரும்பி வந்து செய்ததுதான் 'ரிட்டர்ன்'. அது இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறது. முன்கதையைச் சொல்லும் ஒரு படத்தொகுப்பு அதற்குள்ளேயே இருப்பதால் நேராக அதற்குள் நுழைந்தாலும் கதை புரியும். ஆனால் அந்த முதல் காட்சி மனதில் போய் உட்கார வேண்டுமென்றால் முதல் இரண்டையும் ஆடியிருக்க வேண்டும். மகளுக்கு அந்த அனுபவத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஸ்பெஷல் எடிஷனில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு விசை. கம்ப்யூட்டரில் எஃப்10-ஐ அழுத்தினால், புதிதாக வரைந்த காட்சி மறைந்து 1990-இன் புள்ளிப் படம் அதே இடத்தில் வந்து நிற்கும். இன்னொரு முறை அழுத்தினால் புதியது. மேலீ தீவின் இரவுக் காட்சியில் இதைச் செய்து காட்டுங்கள். நீல இருட்டு, துறைமுகத்து விளக்குகள், மேலே நின்று காவல் பார்க்கும் கிழவர். அவ்வளவு குறைந்த நிறங்களை வைத்துக்கொண்டு அன்றைக்கு எப்படி வரைந்தார்கள் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

இரண்டு குறைகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் பாகத்தில் பழைய படத்துக்கு மாறினால் குரல் நின்றுபோகும், எழுத்தை வாசித்துத்தான் ஆக வேண்டும். இரண்டாம் பாகத்தில் அதைச் சரிசெய்துவிட்டார்கள், பழைய படத்தோடும் குரல் கேட்கலாம். அடுத்தது, முதல் பாகத்தின் புதிய வடிவத்தில் 'திற', 'தள்ளு', 'பேசு' போன்ற வினைச்சொற்களையும் கைவசமுள்ள பொருள்களையும் திரையிலிருந்து எடுத்து ஒளித்து வைத்திருப்பதால் கை தடுமாறும். அவசரமாக ஏதாவது செய்ய வேண்டிய இடத்தில் பழைய வடிவத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். எனக்கு அதுதான் எளிதாக இருந்தது.

'ரிட்டர்ன்' படங்கள் வெளியானபோது அந்த வரைமுறை பிடிக்காமல் பலர் கொதித்தார்கள். கோணல்மாணலான முகங்கள், காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோன்ற உருவங்கள் என்று எனக்கும் முதலில் ஒட்டவில்லை. ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு அந்த எண்ணமே வரவில்லை. படத்தைப் பார்த்து மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கேள்வி: என் மகன் தமிழ்வழியில் படிக்கிறான், ஏழாம் வகுப்பு. ஆங்கிலம் நிதானமாகத்தான் வாசிப்பான். இந்த விளையாட்டுகள் அவனுக்குச் சரிப்படுமா?

சரிப்படும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால். இவற்றில் எதையும் தமிழில் விளையாட முடியாது. பெரும்பாலான இடங்களில் நேர நெருக்கடி கிடையாது, செத்துப்போய் முதலிலிருந்து தொடங்கும் தொல்லை மங்கி ஐலண்டில் அநேகமாக இல்லை. இது அவனுக்குச் சாதகம். எழுத்து ஓடும் வேகத்தையும் அமைப்புகளில் குறைத்துக்கொள்ளலாம். நிறுத்தி நிறுத்தி வாசிக்கலாம், அகராதி பார்க்கலாம்.

ஆனால் சில புதிர்கள் ஆங்கிலச் சொல்விளையாட்டில் நிற்கின்றன. அந்த இடத்தில் பிள்ளையின் மூளையைக் குறைசொல்லக் கூடாது. இரண்டாம் பாகத்தில் ஒரு நீர்வீழ்ச்சி உண்டு. அதற்குத் தண்ணீர் விடும் பம்பை மூடினால்தான் பின்னால் இருக்கும் வழி தெரியும். பம்பைத் திருக ஒரு கருவி வேண்டும். விடை என்ன தெரியுமா? வேறொரு தீவின் மதுக்கடையில் பியானோ வாசிக்கும் குரங்கு. தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியில் வாழைப்பழத்தை மாட்டி ஆட்டினால் குரங்கு மயங்கி விறைத்துப்போகும். அதைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்து, வாலும் கையும் விறைத்த அந்தக் குரங்கையே கருவியாக வைத்துப் பம்பைத் திருக வேண்டும். அமெரிக்காவில் ஒரு வகை ஸ்பானருக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர், அவ்வளவுதான் விஷயம். நாம் ஒர்க்‌ஷாப்பில் கேட்பது ஸ்பானர். இங்கிலாந்திலும் ஸ்பானர்தான், அங்கேயும் ஏராளமான பேர் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். நானும் மாட்டிக்கொண்டேன். தீவு தீவாக ஏறி இறங்கி, எல்லாப் பொருளையும் பம்பில் வைத்துப் பார்த்து, கடைசியில் விடையைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் ஏன் என்று புரிய நாளானது.

அதனால் பையனுக்கு முதலில் 'ரிட்டர்ன்' வாங்கிக் கொடுப்பதில் தப்பில்லை. அதில் புதிர்கள் குறைந்த எளிய நிலை ஒன்று உண்டு. கூடவே விளையாட்டுக்குள்ளேயே குறிப்புப் புத்தகம் ஒன்று கையில் கிடைக்கும். அது விடையை உடனே போட்டு உடைக்காது. முதலில் ஒரு சாடை, இன்னும் கேட்டால் இன்னும் கொஞ்சம், கடைசியில்தான் நேர் விடை. நல்ல வாத்தியார் சொல்லித்தருகிற மாதிரி இருக்கும்.

கேள்வி: 'பிளேட் ரன்னர்' விளையாட்டின் 'என்ஹான்ஸ்டு எடிஷன்' சலுகையில் வருகிறது. மேம்பட்ட பதிப்பு என்றால் பழையதைவிட நன்றாகத்தானே இருக்கும்?

பழையதை வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கமே கிடையாது.

1997-இல் வெஸ்ட்வுட் நிறுவனம் செய்த விளையாட்டு இது. யார் மனிதர், யார் ரெப்ளிகன்ட் (மனிதரைப் போலவே இருக்கும் செயற்கை மனிதர்) என்பதில் சிலருடைய நிலை ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் மாறும். மழை, புகை, நியான் வெளிச்சம் எல்லாம் கலந்த அந்தக் காட்சிகள்தான் அதன் உயிர். ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளைச் செய்யும் ஆர்வலர்கள் பல வருடம் உழைத்து இதை இன்றைய கம்ப்யூட்டர்களில் ஓட வைத்தார்கள். அதன் துணையோடு 2019 டிசம்பரில் விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஜிஓஜி தளத்தில் விற்பனைக்கு வந்தது. 2022 ஜூனில் என்ஹான்ஸ்டு எடிஷன் வந்தபோது, பழையதைத் தனியாக விற்பதை நிறுத்திவிட்டார்கள். புதியதைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். மூலக் கோப்புகள் கிடைக்காததால் பழைய வீடியோவையே எடுத்துப் பெரிதாக்கி வழவழப்பாக்கியிருந்தார்கள். அதில் நுணுக்கங்கள் கரைந்துபோயின. வாங்கியவர்கள் விடாமல் கேட்டதால்தான் பழைய பதிப்பு மறுபடி கடைக்கு வந்தது.

இதிலிருந்து வாங்குபவருக்கு உதவும் ஒரு சோதனை கிடைக்கிறது: மூலமும் கூட வருகிறதா என்று பாருங்கள். 'டே ஆஃப் த டென்டக்கிள்' 1993-இல் வந்தது, 2016-இல் டபுள் ஃபைன் நிறுவனம் அதைப் புதுப்பித்து 'ரீமாஸ்டர்' செய்தது. படம் பழையதா புதியதா, ஒலி பழையதா புதியதா, திரையமைப்பு பழையதா புதியதா என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். கதைக்குள் ஒரு அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தால் 1987-இன் 'மேனியாக் மேன்ஷன்' முழுவதையும் விளையாடலாம். அது இந்தக் கதையின் முதல் பாகம்! இருநூறு வருடம் முன்னும் பின்னுமாக மூன்று பேர் மூன்று காலத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் கதை. இன்றைக்கு ஒரு ஸ்வெட்டரை டிரையரில் போட்டு நாணயங்களை நிரப்பிவிட்டால் அது இருநூறு வருடம் சுற்றிச் சுருங்கி, எதிர்காலத்தில் குளிரில் நடுங்கும் வெள்ளெலிக்குச் சட்டையாகும். முழு விலைக்கும் தகுதியானது.

கேள்வி: 'புரோக்கன் சோர்ட்' முதல் பாகத்துக்கு மூன்று பதிப்பு இருக்கிறதாமே? ஆடு புதிர் என்று ஒன்று எல்லோரையும் படுத்துமாம். எதில் அது இல்லை?

எல்லாவற்றிலும் உண்டு. 1996-இல் வந்தது மூலம். 2009-2010 வாக்கில் வந்தது 'டைரக்டர்ஸ் கட்'. 2024-இல் வந்தது 'ரீஃபோர்ஜ்டு'. மூன்றும் இங்கிலாந்தின் யார்க் நகரத்து ரெவல்யூஷன் நிறுவனத்தினுடையவை.

அயர்லாந்தில் ஒரு பழைய கோட்டைக்குள் போக வேண்டும், குறுக்கே கட்டிப்போட்ட ஆடு முட்டித் தள்ளும். முட்டு வாங்கி விழுந்து எழும் அந்த நொடியிலேயே பக்கத்தில் கிடக்கும் உழவுக் கருவியைச் சொடுக்கினால் ஆடு துரத்திவந்து கயிற்றில் சிக்கிக்கொள்ளும். அதுவரை எந்தப் புதிரிலும் வேகம் தேவைப்பட்டதில்லை, அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை. டைரக்டர்ஸ் கட்டில் இதை எளிதாக்கிவிட்டார்கள். ஆனால் அதில் தொடக்கத்திலேயே நிக்கோ பாத்திரத்துக்குப் புதிய அத்தியாயங்களைச் சேர்த்து, நாயகன் சாகும் இடங்களை எடுத்துவிட்டார்கள். பாரிஸ் காபிக் கடையில் குண்டு வெடித்துக் கதை தொடங்கும் அந்த அதிர்ச்சி அங்கே பின்னுக்குப் போய்விடுகிறது.

ரீஃபோர்ஜ்டு வாங்குங்கள். மூலக் கதையை அப்படியே வைத்துக் காட்சிகளை மட்டும் புதிதாகத் தீட்டியிருக்கிறார்கள், பழைய படத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். புதிர் பிடிக்காதவர்களுக்குக் கதையோடு போகும் தனி நிலையும் இருக்கிறது.

கேள்வி: என் லேப்டாப் எட்டு வருடப் பழசு. புது 'ரிவன்' ஓடுமா?

2024-இன் ரீமேக் முழுக்க முப்பரிமாணத்தில் நடமாடுவது, நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும். உங்கள் லேப்டாப்புக்கு 1997-இன் மூலமே பொருத்தம். அன்றைக்கு ஐந்து சிடியில் வந்தது, இன்றும் விற்கிறார்கள், எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். ரீமேக்கில் புதிர்களையும் மாற்றியிருக்கிறார்கள். ஆகவே பின்னால் புது லேப்டாப் வாங்கியதும் அதையும் விளையாடலாம், பழைய விடை அதில் செல்லாது. எதுவானாலும் ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் வேண்டும். அந்த உலகத்தின் எண்முறை இருபத்தைந்தை அடிப்படையாகக் கொண்டது, மனக்கணக்கில் பிடிபடாது.

கேள்வி: ஸ்டீமில் வாங்கலாமா, ஜிஓஜியிலா? வேறு தளத்தில் 'கீ' (விளையாட்டைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

அந்தக் கீ வேண்டாம். நான் ஒருமுறை மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வாங்கினேன். சில மாதம் கழித்து அது என் கணக்கிலிருந்து காணாமல் போனது. கேட்டதற்கு, விற்றவரைக் கேளுங்கள் என்றார்கள், விற்றவர் கணக்கையே மூடிவிட்டிருந்தார். விட்டுப்போனது சின்னத் தொகைதான், ஆனாலும் கேட்க ஆளில்லை என்பது வலித்தது.

ஸ்டீமில் ரூபாய் விலை, யுபிஐயில் கட்டலாம். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஜிஓஜியில் 30 நாள் அவகாசம், விளையாடியிருந்தாலும் கேட்கலாம். நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்பதை 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீம் பணம் கட்டும் இடத்திலேயே எழுதிக் காட்டுகிறது. ஜிஓஜியிலும் உரிமம்தான், ஆனால் அங்கே நிறுவும் கோப்பை இறக்கி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், பூட்டு கிடையாது, கடை மூடினாலும் அது ஓடும். முப்பது வருடப் பழைய விளையாட்டை இன்னும் இருபது வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்க நினைப்பவர் என்றால் ஜிஓஜி. அவசரம் வேண்டாம், வருடத்தில் பலமுறை சலுகை வரும், பழைய விளையாட்டுகளின் விலை பாதிக்கும் கீழே இறங்கும்.

கேள்வி: இந்த வகை எனக்குப் பிடிக்குமா என்றே தெரியாது. செலவில்லாமல் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை', 1994-இல் வந்தது, புரோக்கன் சோர்ட் செய்த அதே நிறுவனம். 2003-இல் அவர்களே இலவசமாக்கிவிட்டார்கள். ஜிஓஜியில் ஒரு கணக்கு தொடங்கிப் பைசா கட்டாமல் எடுத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனிலும் ஸ்கம்விஎம் வழியாக ஓடும். ஆனால் சின்னத் திரையில் பொருள்களைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம், கம்ப்யூட்டரில் மவுஸ் வைத்தே பாருங்கள். இதில் நாயகன் சாகும் இடங்கள் உண்டு, அடிக்கடி சேமித்துக்கொண்டே போங்கள். ஜோயி என்ற ரோபோ கூடவே வரும். அதனோடு ஒவ்வொரு இடத்திலும் பேசிப் பாருங்கள், புதிருக்குத் தேவையில்லாவிட்டாலும். முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று தோன்றினால் அதன் தொடர்ச்சி 'பியாண்ட் எ ஸ்டீல் ஸ்கை' 2020-இல் வந்திருக்கிறது, அதற்குக் காசு கொடுக்க வேண்டும்.