சீன ஓவியர்கள் ஐரோப்பியப் பாணியில் உருவப்படம் வரைந்தது ஏன்?

எல்லாம் வியாபாரத்தால் வந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலை நாட்டுக் கப்பல்கள் பெரும்பாலும் கேண்டனுக்குத்தான் (இன்றைய குவாங்சோ) வந்தன. ஊர் திரும்பும் மாலுமிகளும் வணிகர்களும் தங்கள் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து எடுத்துப்போக ஆசைப்பட்டார்கள். உள்ளூர் ஓவியர்கள் அதை மலிவாகவே வரைந்து கொடுத்தார்கள்.

இவர்களில் லாம் குவாவை அவசியம் பார்க்க வேண்டும். சீனக் கடற்கரை நகரமான மக்காவுவில் வாழ்ந்த ஆங்கில ஓவியர் ஜார்ஜ் சின்னரியின் (அதற்கு முன் சென்னையிலும் சில ஆண்டுகள் இருந்தவர்) பாணி அவருக்கு அப்படியே கைவந்திருந்தது. அமெரிக்க மருத்துவர் பீட்டர் பார்க்கரின் நோயாளிகளை 1830-களிலிருந்து வரைந்தார். கழுத்திலோ கன்னத்திலோ பெரிய கட்டி தொங்கும். முகத்தில் வலியே தெரியாது, அவ்வளவு நிதானம்! எனக்கு அவர் வரைந்த வணிகர் படங்களைவிட இவைதான் உயர்ந்தவை. பெரும்பகுதி இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.