இரவு வகுப்பு வைத்தால் கணிதம் சித்தியாகுமா?

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், தரம் 11 வரையுள்ள ஒரு பாடசாலையில் பகுதித் தலைவராக இருக்கிறேன். இம்முறை க.பொ.த. சாதாரண தரத்துக்கு 42 பிள்ளைகள் தோற்றுகிறார்கள். சென்ற முறை அரைவாசிப் பேருக்குக் கணிதம் சித்தியில்லை. மாலையிலும் இரவிலும் வகுப்பு வைக்க வேண்டும் என்கிறார் அதிபர். பலவீனமான சிலரை அடுத்த முறை எழுதச் சொல்லலாம் என்ற பேச்சும் ஆசிரியர்களிடையே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
— ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு மேற்கு வலயம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசியாகச் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். எந்தப் பிள்ளையையும் நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் பாடசாலையின் சித்தி வீதம் தாளில் கூடும், அந்தப் பிள்ளையோ பெரும்பாலும் திரும்பி வராது. வயலுக்கோ கடைக்கோ போய்விடும். தோற்றிய பிள்ளைக்கு ஒரு பெறுபேறு கையில் இருக்கும், விட்ட பாடத்தை மறுமுறை எழுதலாம். 2017இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வியின் தொழிற்கல்விப் பிரிவில், சாதாரண தரப் பெறுபேறு எப்படியிருந்தாலும் சேரலாம். அந்தப் பிரிவு உள்ள பாடசாலை உங்களுக்குக் கிட்ட எங்கே இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

இனி இரவு வகுப்பு. காலை ஏழரைக்கு வந்த பிள்ளை இரவு எட்டு மணிக்கும் மேசையில் இருந்தால் கண்தான் திறந்திருக்கும். படுவான்கரையில் இருட்டிய பின் யானைப் பயம் வேறு, பஸ்ஸும் இல்லை. பெண் பிள்ளைகள்தான் முதலில் நின்றுபோவார்கள். பாடசாலை நேரத்துக்குள்ளேயே வீணாகும் பாடவேளைகளைப் பிடியுங்கள். ஆசிரியர் விடுமுறையில் போகும் பாடவேளைகளை ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிடக் கூடவே வரும்.

உண்மையான வேலை கணக்கெடுப்பு. கடந்தகால வினாத்தாள் ஒன்றை, பரீட்சை நடப்பது போலவே நடத்துங்கள். கணிதம் முதலாம் பத்திரம் 2 மணித்தியாலம், இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலமும் 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரமும். பல பாடசாலைகள் இங்கேதான் பிழை விடுகின்றன. 40 நிமிடப் பாடவேளைகளாக உடைத்துப் பரீட்சை வைப்பதால், மூன்று மணித்தியாலம் தொடர்ந்து எழுதும் பழக்கமே இல்லாமல் பிள்ளை மண்டபத்துக்குள் போகிறது. விடைத்தாளைப் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வைத்தே திருத்துங்கள். பக்கத்துப் பாடசாலையோடு தாள்களை மாற்றித் திருத்துவது இன்னும் நல்லது. நம் பிள்ளை என்ன எழுத நினைத்தது என்று நமக்குத் தெரியும், அதனால் அறியாமலே புள்ளி போட்டுவிடுவோம்.

பிறகு ஒரு பெரிய தாளில் 42 பெயர்களையும் கீழாக எழுதி, வினா இலக்கங்களை மேலே போடுங்கள். ஒரு வினாவில் 30 பேர் பாதிப் புள்ளிக்குக் கீழே என்றால் அந்த அலகை முழு வகுப்புக்கும் திரும்பப் படிப்பிக்க வேண்டும். ஆறு பேர் என்றால் அந்த ஆறு பேரை மட்டும் தனியே இருத்துங்கள். இந்தத் தாள் இல்லாமல் கடந்தகால வினாத்தாளை அடுக்கடுக்காகச் செய்வித்தால், தெரிந்த பிள்ளைக்கு இன்னும் தெரியும், தெரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்த்துப் பிரதி பண்ணும்.

கணிதத்தில் எல்லையில் நிற்கும் பிள்ளைக்கு, சித்திக்கு வேண்டிய 35 என்பது எவ்வளவு தூரம் என்று இலக்கத்தில் காட்டுங்கள். இரண்டு பத்திரமும் நூறு நூறு புள்ளி, கூட்டி இரண்டால் வகுப்பார்கள். ஆகவே வேண்டியது 200க்கு 70. முதலாம் பத்திரம் பகுதி ஏயில் 25 சிறு வினா, ஒன்றுக்கு 2 புள்ளி. 15 சரி என்றால் 30. பகுதி பீயின் ஐந்து வினாவிலும் பத்துக்கு நான்கு வீதம் எடுத்தால் 20. இரண்டாம் பத்திரத்தில் இருபடிச் சார்பின் வரைபு, இடை காணும் புள்ளிவிபரவியல் வினா, கேத்திரகணித அமைப்பு இந்த மூன்றிலும் ஏழேழு எடுத்தால் 21. எல்லாம் சேர்ந்து 71. முழுப் பாடத்திட்டத்தையும் கண்டு பயந்திருந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு கொடுக்கும் தைரியம் பெரிது. அந்த மூன்று வினாவும் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ ஒரே வடிவில் வருவதால் பயிற்சியால் வசப்படும். வரைபில் அச்சுகளுக்கு அளவுத்திட்டம் எழுதாமல் விடுவது, புள்ளிகளை அடிமட்டத்தால் நேர்கோடாக இணைப்பது, அமைப்பில் கவராய வில்களை அழித்துவிடுவது, விடைக்கு அலகு போடாதது: புள்ளி போகும் வாசல்கள் இவை. இன்னொன்று, செய்கையை ரப்பரால் அழிக்கும் பழக்கம். விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு. ஒரு கோட்டால் வெட்டிவிட்டுக் கீழே எழுதப் பழக்குங்கள்.

நேரமும் பழக வேண்டும். முதலாம் பத்திரத்தில் சிறு வினாக்களுக்கு 50 நிமிடம், பகுதி பீயின் ஒவ்வொரு வினாவுக்கும் 12 நிமிடம், மீதி பத்து நிமிடம் சரிபார்க்க. இரண்டாம் பத்திரத்தில் பத்து வினா, ஒவ்வொன்றுக்கும் 17 நிமிடம். சுவரில் மணிக்கூடு இருக்கட்டும்.

20 புள்ளிக்கும் கீழே நிற்கும் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாளே வேண்டாம். அவர்களின் தடை தரம் 11இல் இல்லை. பின்னம், மறை எண், பெருக்கல் வாய்பாடு, அட்சரகணிதத்தில் பிரதியிடல் என்று கீழே இருக்கிறது. உங்கள் ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒருவரிடம் தினமும் அரை மணித்தியாலம் ஒப்படையுங்கள். இதைச் சொல்லிக்கொடுக்கும் கைப்பழக்கம் அவரிடம்தான் இருக்கிறது.

கணிதத்தையே பார்த்து மற்றதை விட்டுவிடாதீர்கள். உயர்தரம் போகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடச் சித்தி வேண்டும், அவற்றில் மூன்று திறமைச் சித்தியாக (சீ), அதாவது குறைந்தது 50ஆக, இருக்க வேண்டும். ஆறும் சித்தியாக வந்து மூன்றாவது சீ இல்லாமல் நிற்கும் பிள்ளை மிகவும் நொந்துபோகும். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் 42இலிருந்து 49வரை நிற்கும் பாடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சமயமும், பிள்ளை தெரிவு செய்த தொகுதிப் பாடங்களும் அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும். தமிழ் தானாக வரும் என்று நினைப்பதும் ஆபத்து. கட்டுரையை நாலு வரியோடு நிறுத்தும் பிள்ளைகளை இப்போதே பொறுக்கி எடுங்கள். வரலாற்றின் வரைபட வினாவுக்குத் தினமும் ஐந்து நிமிடம் வெற்று வரைபடத்தில் இடம் குறித்தால் போதும்.

காலத்தைப் பற்றி நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விடயம். முன்பு டிசம்பரில் நடந்த பரீட்சை சில வருடங்கள் பின்தள்ளிப் போனது. 2024ஆம் ஆண்டுக்குரியது 2025 மார்ச்சில் நடந்தது. இப்படி மார்ச்சில் வரும்போது கடைசி மாதங்கள் நவம்பர், டிசம்பர், ஜனவரி மழைக்குள் மாட்டுகின்றன. பிறகு பெரும்போக வேளாண்மை வெட்டு. 2024 நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையே சில நாள் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். ஆகவே பாடத்திட்டம் ஒக்டோபர் முடிவுக்குள் முடிய வேண்டும். முதல் முன்னோடிப் பரீட்சை நவம்பர் முதல் வாரத்தில், இரண்டாவது ஜனவரி நடுவில். இடையில் வெள்ளம் வந்தால் வீட்டில் செய்ய, பாடத்துக்கு ஐந்து தாள் வீதம் பொலித்தீன் உறையில் போட்டு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வெட்டுத் தொடங்குமுன் பெற்றோரைக் கூப்பிட்டு நேரசூசியைக் கையில் கொடுங்கள். பாடசாலைக்கு வரமாட்டார்கள் என்றால் கோயில் முன்றலில் கூட்டுங்கள்.

விண்ணப்பத்தை அனுப்புமுன் அச்சிட்டு, பெயர், பாட இலக்கம், மொழிமூலம் மூன்றையும் பிள்ளையும் பெற்றோரும் பார்த்துக் கையொப்பமிடச் செய்யுங்கள். பாட இலக்கத்தில் ஒரு எண் பிழைத்தால் பிள்ளை படிக்காத பாடத்தின் வினாத்தாள் மேசைக்கு வரும். 15 வயது நிறைந்தவர்களின் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் திருத்த மாதங்கள் எடுக்கும். சங்கீதம், நடனம் எடுத்தவர்களின் செயன்முறைப் பரீட்சைத் திகதி வேறாக வரும், அதைத் தனியே சுவரில் ஒட்டுங்கள். அனுமதி அட்டையின் பிரதி ஒன்று அலுவலகத்தில் இருக்கட்டும், வெள்ளத்தில் வீட்டுப் பத்திரங்கள் நனைவது நமக்குப் புதிதல்ல.

பரீட்சை நிலையம் வேறு ஊரில் என்றால், எந்தப் பிள்ளை எந்த வாகனத்தில், எத்தனை மணிக்கு என்று பெயரோடு ஒரு பட்டியல் போடுங்கள். தோணியோ படகுப் பாதையோ கடக்க வேண்டியவர்களுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டி வையுங்கள். முதல் நாள் காலை நீங்களோ இன்னொரு ஆசிரியரோ அந்தத் துறையில் நில்லுங்கள்.