கிரிப்பில் பெயர் கெட்டிருக்கிறது: கனடாக் காசில் எதை முதலில் கட்டுவது?

கேள்வி: எனக்கு 41 வயது. சுன்னாகத்தில் ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தேன், இப்போது ஒரு கடையில் மாதம் 68,000 ரூபா சம்பளத்துக்கு நிற்கிறேன். 2019இல் லீசிங்கில் எடுத்த ஓட்டோவுக்கு 2022இல் தவணை கட்ட முடியாமல் போனது. கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோலில் என்ன உழைப்பு? 2023இல் கொம்பனி வந்து ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு போனது. அத்தோடு கணக்கு முடிந்தது என்று இருந்தேன். போன மாதம் 340,000 ரூபா நிலுவை என்று கடிதம் வந்திருக்கிறது. கிறெடிற் காட்டில் 85,000 ரூபா பாவித்து, கட்டாமல் விட்டது இப்போது 190,000 ஆகி நிற்கிறது. மச்சானின் வங்கிக் கடனுக்கும் நான்தான் பிணை. அவர் 11,000 ரூபாப்படி இரண்டு தவணை விட்டுவிட்டார், 50 நாளாகிறது. வீட்டு வேலையை முடிக்க 15 இலட்சம் கேட்டுப் போனால், “உங்கட கிரிப் பிழை” என்று திருப்பி அனுப்புகிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா 5 இலட்சம் அனுப்புகிறேன் என்கிறார். 60,000 ரூபா தந்தால் கிரிப்பில் இருந்து பெயரை எடுத்துத் தருவதாக ரவுணில் ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அந்த 60,000 ரூபாவைக் கொடுக்க வேண்டாம். அவரிடம் அடையாள அட்டைப் பிரதியோ கையொப்பமிட்ட வெற்றுப் படிவமோ கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பி வாங்குங்கள். நாம் கிரிப் என்று சொல்லும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை, பெயரை எடுப்பதற்கு. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மாதாமாதம் அனுப்புகிற விபரத்தைப் பணியகம் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். அனுப்பிய நிறுவனம் திருத்தி அனுப்பாமல் ஒரு எழுத்தும் மாறாது. ஆகவே உங்கள் வேலை முழுக்க அந்தக் கடன்காரர்களோடுதான்.

முதலில் உங்கள் சொந்த அறிக்கையை எடுங்கள். மைரிப்போர்ட் என்ற பெயரில் பணியகத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கைபேசியில் சிரமம் என்றால் உங்கள் வங்கிக் கிளையில் கேளுங்கள், கொழும்புக்குப் பயணம் தேவையில்லை. உங்கள் அறிக்கையை நீங்களே எடுப்பதால் அதிலுள்ள கடன் புள்ளி குறையாது. கடன் கேட்டு ஒவ்வொரு நிறுவனமாக ஏறி இறங்கினால்தான் ஒவ்வொரு தேடலும் அறிக்கையில் பதிவாகும். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வீதியில் ஒரே கிழமையில் நான்கு இடத்தில் விண்ணப்பித்தால், ஐந்தாவது இடத்தில் இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். காசுக்கு அலைகிற ஆள் என்றுதான் அவர் எடுப்பார்.

அறிக்கையில் 250 முதல் 900 வரையான ஒரு புள்ளி இருக்கும். எல்லோருக்கும் கண் அங்கேதான் போகும். அதை விட்டுவிட்டு, கடன் கடனாக வரும் பகுதியைப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் நீங்கள் கடனாளியா, கூட்டுக் கடனாளியா, பிணையாளியா, எவ்வளவு எடுத்தது, இன்று எவ்வளவு நிலுவை, எந்த மாதத்தில் எத்தனை நாள் பிந்தியது என்று இருக்கும். காசில்லாமல் திரும்பிய செக்குகளும் அறிக்கையில் வரும். கடை ஆட்கள் இதை மறந்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்து அறிக்கைகளில் அடிக்கடி வரும் பிழை ஒன்று உண்டு. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் இரண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டல் இடத்துக்கிடம் வேறு. அதோடு 2016இல் இருந்து 12 இலக்க அடையாள அட்டை வந்ததால், பழைய கடன் பழைய இலக்கத்திலும் புதியது புதிய இலக்கத்திலும் கிடக்கலாம். பழைய இலக்கத்தின் முன்னால் 19, முதல் ஐந்து எண்களுக்குப் பின்னால் ஒரு பூச்சியம், கடைசி எழுத்தை நீக்கிவிடுவது: இப்படித்தான் புதியது வரும். இரண்டையும் ஒப்பிட்டு, உங்களுடையது அல்லாத கடன் ஏதும் உள்ளதா, கட்டி முடித்தது இன்னும் நிலுவையாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் பணியகத்துக்கும் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், பற்றுச்சீட்டுப் பிரதியையும் இணையுங்கள். பணியகம் அதை நிறுவனத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்கும். உண்மையான பிந்தல்களைப் பிழை என்று முறையிட்டுப் பயனில்லை.

இனி 5 இலட்சம். அதிகம் பேர் பெரிய கடனை, அல்லது அதிகம் தொல்லை தருகிற கடனை முதலில் கட்டுவார்கள். உங்கள் நிலையில் அது பிழை. முதலில் போகவேண்டிய காசு 22,000 ரூபா, அதுவும் மச்சானின் கடனுக்கு. ஓட்டோக் கடனும் கிறெடிற் காட் கடனும் ஏற்கெனவே கெட்டுவிட்டன, இன்னும் இரண்டு மாதம் பிந்தினாலும் பெரிய வேறுபாடு வராது. மச்சானின் கடன் 50 நாளில் நிற்கிறது. 90 நாளைத் தாண்டினால் வங்கி அதைச் செயற்படாக் கடன், அதாவது தவணை நின்றுபோன கடன், என்று வகைப்படுத்தும். பிறகு அவர் பெயரில் மட்டுமல்ல, உங்கள் அறிக்கையிலும் பிணையாளி என்ற இடத்தில் அது நிற்கும். இன்னும் 40 நாள் இருக்கிறது என்று இருக்காதீர்கள், அடுத்த தவணை நாள் வந்தால் 22,000 என்பது 33,000 ஆகிவிடும்.

அந்தக் காசை மச்சானின் கையில் கொடுக்க வேண்டாம். கடன் இலக்கத்தைக் கேட்டு, கிளையில் நேரே கட்டி, பற்றுச்சீட்டை நீங்களே வைத்திருங்கள். அவரோடு கோபமில்லாமல் உட்கார்ந்து கதையுங்கள். உழைப்பு உண்மையில் குறைந்துவிட்டதென்றால், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி 90 நாளுக்கு முன்னரே அவர் வங்கியில் எழுத்தில் கேட்கவேண்டும். கெட்ட பிறகு கேட்டால் பேரம் பேசும் பலம் போய்விடும். பிணையில் இருந்து நீங்கள் விரும்பியபடி விலக முடியாது. வங்கி ஏற்றுக்கொள்ளும் இன்னொரு பிணையாளியை அவர் கொண்டுவந்து, வங்கி எழுத்தில் உங்களை விடுவித்தால்தான் முடியும். மைத்துனன் முறையில் வாய்ப்பேச்சில் “இனி உனக்குப் பொறுப்பில்லை” என்பது வங்கிக்குச் செல்லாது.

அடுத்தது கிறெடிற் காட். 190,000 என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் நீங்கள் பாவித்தது 85,000, மிச்சம் வட்டியும் பிந்தல் கட்டணமும். இங்கே மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் என்று கட்டுவதில் ஒரு பயனும் இல்லை. வட்டி அதைச் சாப்பிட்டுவிடும், பிந்திய நாட்களும் குறையாது. ஒரே தொகையாகக் கட்டி முடிப்பதாகச் சொல்லி, வட்டியையும் கட்டணங்களையும் தள்ளுபடி செய்யும்படி காட் பிரிவுக்கு எழுதுங்கள். 100,000இல் தொடங்கி 120,000 வரை போகலாம் என்பது என் கணிப்பு. தொலைபேசியில் ஒத்துக்கொண்டதை நம்பிக் காசு கட்டாதீர்கள். தொகை, கட்டவேண்டிய கடைசித் திகதி, அதோடு கணக்கு முழுமையாக முடிவுறும் என்ற வசனம், மூன்றும் உள்ள கடிதம் கைக்கு வரவேண்டும். முடித்த பின் கிரிப்புக்கு எப்படி அறிக்கையிடுவார்கள் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். வங்கி விட்டுக்கொடுத்த தொகையை வெட்டிவிட்ட கடன் (அறவிட முடியாதென்று கைவிட்டது) என்று காட்டினால், பின்னால் பார்ப்பவர் அதைப் பற்றிக் கேட்பார். இதனால் தள்ளுபடியை மறுக்கச் சொல்லவில்லை. 70,000 ரூபா மிச்சம் என்பது உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டோக் கணக்கில்தான் நேரம் எடுத்துக்கொள்ளவேண்டும். வாகனத்தை எடுத்தால் கடன் முடிந்தது என்ற எண்ணம் ஊரில் பரவலாக உண்டு. முடிவதில்லை. கொம்பனி வாகனத்தை விற்று, விற்ற தொகையைக் கழித்து, மிஞ்சியதை உங்களிடம் கேட்கும். அந்த மிச்சம் சரிதானா என்பதுதான் கேள்வி. 340,000 எப்படி வந்தது என்று முழுக் கணக்குக் கூற்றையும் எழுத்தில் கேளுங்கள்: எடுத்த நாளில் எவ்வளவு நிலுவை, எந்தத் திகதியில், என்ன விலைக்கு விற்றார்கள், எத்தனை பேர் விலை கேட்டார்கள், எடுத்துச் சென்ற கூலி, வண்டியை நிறுத்தி வைத்த யார்ட் வாடகை, பிந்தல் வட்டி. விற்ற நாளுக்குப் பிறகும் லீசிங் வட்டி ஓடியிருக்கிறதா? காப்புறுதியின் மீதிக் காலத்துக்குரிய பணம் திரும்பி வந்திருந்தால் அது உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா? 2023இல் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது, பழைய ஓட்டோவுக்கும் நல்ல விலை போன காலம். உங்கள் வண்டி அடிமாட்டு விலைக்குப் போயிருந்தால் விளக்கம் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. அந்த வருடத்துப் பத்திரிகை விளம்பரங்களில் அதே மொடலின் விலையைத் தேடி எடுத்து இணையுங்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். கிளையில் நேரே கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிறுவனத்திடம் முதலில் எழுதியதற்கான ஆதாரத்தை அவர்கள் கேட்பார்கள், முத்திரை வாங்கச் சொன்னது அதற்குத்தான். வங்கி, நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போவதும் இன்னொரு வழி. ஏற்கெனவே மாவட்ட நீதிமன்றில் வழக்குப் போட்டிருந்தால் கதை வேறு. அப்போது இணக்கத்தைச் சட்டத்தரணி ஊடாக வழக்கேட்டில் பதியவைக்காமல் ஒரு சதமும் கட்டவேண்டாம்.

பிழைகளைக் கழித்தபின் மிஞ்சுவதை 250,000க்குள் முடிக்கப் பாருங்கள். வீட்டு வாசலுக்கு வரும் சேகரிப்பு ஆளிடம் காசு கொடுக்க வேண்டாம், அவர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும். கிளையிலேயே கட்டி, சிட்டையில் ஒப்பந்த இலக்கத்தை எழுதுங்கள்.

கூட்டிப் பாருங்கள்: 22,000, 120,000, 250,000. மொத்தம் 392,000. மிச்சம் 108,000. அதைக் கூரைத் தகரத்துக்கோ சீமெந்துக்கோ எடுக்கத்தான் கை போகும். எடுக்காதீர்கள். அடைத்த கடன் அறிக்கையில் முடிந்தது என்று மாறும், ஆனால் பிந்திய மாதங்கள் உடனே மறையாது. அவற்றின் மேல் ஒழுங்கான புதிய மாதங்கள் வந்து சேர்ந்தால்தான் பழையதன் பாரம் குறையும். கடனே இல்லாமல் இருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. சீட்டுக்கு ஒழுங்காகக் கட்டுவது கிரிப்புக்குத் தெரியவே தெரியாது, ஊரில் நல்ல பெயர் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே 100,000 ரூபாவை நிலையான வைப்பில் போட்டு, அதையே பிணையாக வைத்து 60,000 ரூபாவைத் தவணைக் கடனாக 12 மாதத்துக்கு எடுங்கள். வைப்புப் பிணை இருப்பதால் கெட்ட அறிக்கையோடும் இது கிடைக்கக்கூடிய கடன். முழுவதையும் கடைசியில் ஒரேயடியாகத் திருப்பும் கடனாக இல்லாமல் மாதத் தவணையாகவும், கிரிப்புக்கு அறிக்கையிடுவதாகவும் இருக்கவேண்டும், கையொப்பமிட முன்னர் இரண்டையும் கேளுங்கள். வட்டி 14 வீதம் என்று வைத்தால் தவணை 5,400 ரூபா அளவில் வரும். எடுத்த 60,000ஐத் தொடாமல் சேமிப்புக் கணக்கில் போட்டு, தவணை தானாகக் கழியும்படி நிலையியற் கட்டளை கொடுங்கள். தவணை நாள் சம்பளம் வந்து மூன்று நாலு நாளுக்குப் பின் இருக்கட்டும். சம்பளம் 28ஆம் திகதி, கழிவு 27ஆம் திகதி என்று இருந்தால் நல்ல மனிதனுக்கும் மாதாமாதம் பிந்தும். இதில் உங்களுக்குச் செலவாவது வட்டி வித்தியாசம் மட்டும்தான். புதிய கிறெடிற் காட்டை இந்த வருடம் எடுக்க வேண்டாம். பிறகு எடுத்தாலும் எல்லையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பாவிக்காமல், முழு நிலுவையையும் மாதாமாதம் கட்டுங்கள்.

ஒவ்வொன்றையும் முடித்து ஒன்றரை மாதத்துக்குப் பின் அறிக்கையை மீண்டும் எடுத்துப் பாருங்கள். நிறுவனங்கள் திருத்தத்தை அனுப்ப மறப்பது சாதாரணம். முடித்த கடிதம் கையில் இருந்தால் ஒரு முறைப்பாட்டோடு சரியாகிவிடும், இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்தும் அலையவேண்டும்.

15 இலட்சத்துக்கு 10 வருடம், 13 வீதம் என்று வைத்தால் மாதம் 22,400 ரூபா அளவில் வரும், உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒன்று. அதைத் தாங்க முடியுமா என்பதை இப்போதே பரிசோதிக்கலாம்: 5,400 தவணை போக, மாதம் 17,000 ரூபாவை இன்னொரு கணக்கில் ஒதுக்கிப் பாருங்கள். 12 மாதம் தவறாமல் முடிந்தால் 204,000 ரூபா கையில் இருக்கும், கேட்கவேண்டிய கடனும் அந்த அளவு குறையும். சம்பளம் வங்கிக் கணக்கில் விழும்படி முதலாளியிடம் கேளுங்கள். கையில் வாங்கும் சம்பளத்தை முகாமையாளர் கணக்கில் எடுப்பது கடினம்.

12 மாதக் கடன் முடிந்து, இன்னும் ஆறு மாதமளவு மச்சானின் கடனும் பிந்தாமல் போன பின்னர், புதிய அறிக்கை, மூன்று முடிவுக் கடிதங்கள், ஒரு வருட வங்கிக் கூற்று ஆகியவற்றோடு சம்பளம் விழுகிற அதே கிளையின் முகாமையாளரைச் சந்தியுங்கள். விண்ணப்பம் கொடுக்க முன்னர் காட்டிக் கதையுங்கள். 2022இல் என்ன நடந்தது என்பதை இரண்டு வசனத்தில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அவர் அறிக்கையில் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்னும் ஆறு மாதம் பொறுங்கள் என்றால் பொறுங்கள், பக்கத்துக் கட்டடத்துக்கு நடக்காதீர்கள்.